தங்கச்சியின் பங்கு

எந்தப் பேச்சை எடுத்தாலும் அதைச் சீனாவில் கொண்டுபோய் நிறுத்துவது வக்கீலின் வழக்கம். நடைபாதைக் கடைகளை அகற்றுவது பற்றி விவாதம் என்றால் கலாச்சாரப் புரட்சி வரும். பாடப்புத்தகம் பற்றி என்றால் செங்காவலர்கள் வருவார்கள். ஒருமுறை குளத்தில் ஆகாயத்தாமரை அகற்றுவதைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். சிட்டுக்குருவிகளைக் கொல்லச் சொன்ன மாவோவை இழுத்துவந்து அந்தக் குளத்திலும் இறக்கிவிட்டார். அவருக்கு எதிரே உட்காருகிற ஆளுங்கட்சிப் பெண்மணி முன்பு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர். டிவி பார்க்கிறவர்களுக்கு அவர் 'டீச்சர்'. அவரும் சளைத்தவர் இல்லை. வக்கீல் பஞ்சம் என்றால் டீச்சர் மாவோவின் நெடும்பயணம் என்பார். வக்கீல் சிறைமுகாம் என்றால் டீச்சர் வறுமையிலிருந்து மீண்ட கோடிக்கணக்கானவர்கள் என்பார். முடிவெட்டும் கடையில் உட்கார்ந்து டிவி பார்க்கிறவர்கள், "என்னப்பா, பீஜிங் பஸ்ஸு இன்னும் வரலையே" என்று கேட்டுச் சிரிப்பார்கள்.

வக்கீல் கெட்ட மனுஷர் இல்லை. எதிர்க்கட்சியின் பேச்சாளர், நிறையப் படிப்பார், படித்ததை வீணாக்கப் பிடிக்காது, அவ்வளவுதான். ஆனால் அவர் சீனாவைப் பார்த்ததில்லை. அந்த வீட்டில் சீனாவைப் பார்த்தவர் ஒருவர்தான். அவர் வக்கீலின் மாமனார்.

தெருவில் அவருக்குப் பல்லய்யா என்று பெயர். மீசை முளைக்கிற வயதில் சித்தப்பா ஒருவரோடு சீனாவிலிருந்து கப்பலேறி இந்த ஊருக்கு வந்தவர். சித்தப்பாவிடமே பல்செட் கட்டக் கற்றுக்கொண்டார். இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டார். சித்தப்பா போன பிறகு தாய்மொழியில் பேச ஆளில்லை. இந்த ஊர்ப் பேச்சிலேயே சண்டை போட்டு, கணக்குப் போட்டு, மனைவி இறந்தபோது அதிலேயே அழுதார். ஒரே மகள் பல் மருத்துவர். வீட்டின் கீழ்த்தளம் கிளினிக், மாடியில் குடித்தனம். மகள் முன்னறையில் பல்லைப் பிடுங்குவாள். அவர் பின்னறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து மெழுகில் பல் அடுக்கிக்கொண்டிருப்பார்.

எதிர்ச்சாரியில் அரசாங்கம் ஒரு பொது உணவுக்கூடம் திறந்திருந்தது. யார் வேண்டுமானாலும் தட்டோடு போய் வாங்கிச் சாப்பிடலாம். சுமை தூக்குகிறவர்கள், துணிக்கடைப் பெண்கள், பிள்ளைகள் கைவிட்ட கிழங்கள், எல்லோரும் வருவார்கள். மாடியில் மகள் சமைத்து வைத்திருந்தாலும் பல்லய்யா மதியமானால் தட்டைத் துடைத்துக்கொண்டு அங்கே போய் வரிசையில் நிற்பார். தன் முறை வந்ததும் தட்டை நீட்டுவதற்கு முன்னால் கழுத்தை நீட்டி அண்டாவுக்குள் எட்டிப் பார்ப்பார்.

"என்ன பல்லய்யா, உள்ள மீன் ஏதாச்சும் நீந்துதா?" என்பாள் பரிமாறுகிற பெண். அவளைக் கரண்டியக்கா என்று கூப்பிடுவார்கள்.

"நெறைய இருக்கு, நெறைய இருக்கு" என்று தலையை ஆட்டுவார். அப்புறம்தான் தட்டு நீளும்.

வக்கீலுக்கு இது பெரிய மானப்பிரச்சினை. "மாமா, நம்ம வீட்ல உங்களுக்குச் சோறு போடறதில்லன்னு நெனைக்க மாட்டாங்களா? அதுவும் அவங்க கட்சி தொறந்த எடத்துல போய்..."

"ருசியெல்லாம் ஒண்ணும் பிரமாதம் இல்ல மாப்ள" என்பார் பல்லய்யா. "நம்ம வீட்டுச் சமையல்தான் சமையல்." மறுநாளும் தட்டைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

தேர்தலுக்கு முந்தின வருஷம் அவருக்குக் குடலிறக்கத்துக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. மயக்கம் தெளிகிற நேரத்தில் மகளும் மருமகனும் கட்டிலோரம் நின்றிருந்தார்கள். கண்ணைத் திறக்காமலே, "தங்கச்சி கிண்ணத்த எடுத்தாச்சா? வரிசை நகருது" என்றார். மகளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்பாவுக்குத் தங்கை இருந்தாள் என்பதே அவளுக்குத் தெரியாது.

மறுநாள் காலை அவள் கேட்டாள். அவர் சொல்ல மாட்டேன் என்றார். அப்புறம், மருந்தின் தளர்ச்சியோ என்னவோ, தானாகவே ஆரம்பித்தார்.

"எங்க ஊர்ல வீட்டு அடுப்பையெல்லாம் இடிச்சுட்டாங்க. சட்டிபானைய இரும்புக்காக உருக்கறதுக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க. எல்லாரும் பொதுக் கூடத்துலதான் சாப்பிடணும். மொதல்ல நல்லாத்தாம்மா இருந்துச்சு. வயிறு முட்டச் சாப்பிட்டோம். அப்புறம் கஞ்சி தண்ணியாயிடுச்சு. எங்கப்பா களஞ்சியத்துக் காவக்காரர். உள்ள தானியம் இல்லேன்னு சொன்னார். மேல எழுதி அனுப்பின கணக்குல மலையாட்டம் இருக்கு, இவர் இல்லேங்கறார். களத்துல நிக்கவெச்சு, தலையக் குனியவெச்சு, ஊரே சுத்தி நின்னு கேட்டாங்க. இருக்கா இல்லையா, இருக்கா இல்லையான்னு. அவர் இல்லேன்னு சொல்லச் சொல்ல அடி விழுந்துச்சு. கடைசியில, இருக்கு, நான்தான் பொய் சொல்லிட்டேன்னார். உடனே விட்டுட்டாங்க. வீட்டுக்கு வந்து படுத்தவர் எந்திரிக்கல."

செவிலி ஒருத்தி வந்து டிரிப்ஸைச் சரிபார்த்துவிட்டுப் போனாள். கதவு மூடியதைப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி ஆரம்பித்தார்.

"தங்கச்சி போனப்ப அம்மா அழல. அழுதா அடுத்த வீட்டுக்குக் கேக்கும். ஆளுக்கு ஒரு கரண்டி கஞ்சி. ஆள் கொறஞ்சா கரண்டி கொறையும். நல்ல குளிர் காலம். போர்வைய இழுத்து மூடிட்டு, பிள்ளைக்குக் காய்ச்சல்னு சொல்லிட்டு, அவ கிண்ணத்தையும் எடுத்துட்டுப் போய் வரிசையில நின்னா. அந்தக் கஞ்சிய எனக்குத்தான் குடுத்தா. குளிர்ல உறைஞ்ச மண்ணு இளகி, அவளப் பொதைக்கற வரைக்கும் குடுத்தா."

வக்கீல் அழுதுவிட்டார். வாய் ஓயாமல் பேசுகிறவர், மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார்.

"இத வெளிய எங்கயும் சொல்லிடாதீங்க மாப்ள."

"சத்தியமா சொல்ல மாட்டேன் மாமா" என்றார் வக்கீல். அந்த நிமிஷத்தில் அவர் மனதில் கள்ளம் எதுவும் இல்லை.

*

தேர்தல் நெருங்கியது. தெருவுக்குத் தெரு பொது உணவுக்கூடம் திறக்கப்போவதாக அரசாங்கம் அறிவித்தது. எதிர்க்கட்சி அதை எதிர்ப்பதென்று முடிவெடுத்தது. அன்று மாலை விவாதம். மாடியில் மகள் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். பல்லய்யா சாய்வு நாற்காலியில் இருந்தார். டிவியில் வக்கீல் வழக்கம்போல மாவோ காலத்து மக்கள் கம்யூன், பெரும் பாய்ச்சல் என்று அடுக்கிக்கொண்டே போனார்.

டீச்சர் சிரித்துக்கொண்டே குறுக்கிட்டார். "வக்கீல் சார், சீனா இருக்கட்டும். உங்க மாமனாரே தினமும் எங்க கூடத்துலதானே வரிசையில நிக்கறார்? பாவம், வீட்ல சோறு போடறதில்லையா?"

அரங்கமே சிரித்தது. நெறியாளரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வக்கீலின் காது சிவந்ததை மகள் இங்கிருந்தே பார்த்தாள். வேண்டாம் என்று அவள் வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.

"என் மாமனாரப் பத்திப் பேசறீங்களா? பேசுவோம்" என்றார் வக்கீல். "அவர் தங்கச்சி யாரால செத்தான்னு தெரியுமா உங்களுக்கு? இதே மாதிரி ஒரு பொதுக் கூடம். ஒரு கரண்டி கஞ்சிக்காகப் பெத்த தாய் பொணத்தப் போர்வைக்குள்ள ஒளிச்சு வெச்சுட்டு வரிசையில நின்னா. அந்தக் கஞ்சியக் குடிச்சுப் பொழச்சவர் என் மாமனார். போய்க் கேளுங்க அவர!"

சிரிப்பு அப்படியே அடங்கியது. நெறியாளர் விளம்பர இடைவேளை விடக்கூட மறந்துபோனார்.

பல்லய்யா எழுந்தார். டிவியை அணைத்தார். தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வக்கீல் வீட்டுக்கு வந்தபோது அவருடைய போன் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. கட்சித் தலைமையிலிருந்து பாராட்டு. முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. மனைவியைப் பார்த்ததும் அதை மறைக்கப் பார்த்தார்.

"எப்படிங்க மனசு வந்துச்சு?" என்றாள்.

"உண்மையத்தானே சொன்னேன்? ஒரு வார்த்தை கூட்டினேனா?"

"அவர் கேட்டுக்கிட்டாரே உங்கள."

"இத்தன வருஷமா அந்தப் பொண்ண யாருக்குமே தெரியாதும்மா. இன்னைக்கு ஊரே அவளுக்காக அழுவுது. அந்தப் பொண்ணுக்கு ஒரு நியாயம் வேணாமா?"

"அந்தப் பொண்ணுக்கா, உங்களுக்கா?"

போன் மறுபடி அடித்தது. வக்கீல் அதை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

*

அந்தக் காட்சித் துண்டு எல்லார் போனிலும் சுற்றியது. சுற்றச் சுற்ற அது தடித்தது. போர்வைக்குள் ஒளித்துவைத்த பிணம் கொஞ்ச நாளில் அடுப்புக்குப் போய்விட்டது. கீழ்ப்பல் செட்டுக்கு அச்சு எடுக்க வந்த ஒரு கனத்த மனிதர், வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, குரலைத் தாழ்த்தி மகளிடம் கேட்டார்: "டாக்டரம்மா, தப்பா நெனைக்காதீங்க. உங்கப்பா சின்ன வயசுல... மனுஷக் கறி சாப்பிட்டவராமே?"

அவள் அச்சுத் தட்டைக் கையில் எடுத்தாள். "வாயத் தொறங்க" என்றாள். பின்னறைக் கதவு திறந்துதான் இருந்தது. மெழுகை உருக்கும் சின்ன விளக்கை அப்பா ஊதி அணைப்பது கேட்டது.

பல்செட் கேட்டு வருகிறவர்கள் குறைந்தார்கள். அவர் கை பட்ட பல்லை வாயில் வைத்துக்கொள்ள ஒரு மாதிரியாக இருக்கிறது என்று ஓர் அம்மாள் வெளிப்படையாகவே சொல்லிவிட்டுப் போனாள்.

ஆளுங்கட்சிப் பக்கத்திலிருந்தும் பதில் வந்தது. அவர்களுடைய ஆய்வாளர் ஒருவர் நீளமாக எழுதினார். பஞ்சமே வெளிநாட்டுக்காரன் கட்டிவிட்ட கதை, வந்தது வெறும் வறட்சி, இந்தப் பெரியவர் எந்த ஊர், எந்தக் கம்யூன், சான்று எங்கே என்று கேட்டிருந்தார். சொந்த நாட்டைக் காட்டிக்கொடுத்து ஓடிவந்தவரின் பேச்சுக்கு என்ன மதிப்பு என்று முடித்திருந்தார்.

எதிர்க்கட்சி சுவரொட்டி அடித்தது. எலும்பும் தோலுமாக ஒரு சிறுமி, கண்ணில் இரண்டு சொட்டு நீர், கையில் கிண்ணம். கீழே பெரிய எழுத்தில்: 'இவளைக் கொன்றது பொது அண்டா.' அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் செய்திருந்தார்கள். உணவுக்கூடத்துச் சுவரிலேயே வரிசையாக ஒட்டிவிட்டுப் போனார்கள்.

பல்லய்யா அன்று மதியம் தட்டோடு போனவர் சுவருக்கு முன்னால் நின்றுவிட்டார். மகள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, நோயாளியை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

"இது அவ இல்லையே" என்றார். "அவளுக்கு மூஞ்சி வீங்கியிருந்துச்சு. பட்டினியில வீங்கும்மா. பாக்கறவங்க கொழுகொழுன்னு இருக்கான்னாங்க."

கரண்டியக்கா வெளியே வந்தாள். வரிசையில் ஆள் மெலிந்துபோயிருந்தது. எதிர்க்கட்சிக்காரர்கள் வாசலில் நின்று, சாப்பிட வருகிறவர்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"என் வேலைக்கே உலை வெச்சுட்டீங்களே பல்லய்யா" என்றாள். கோபமாகச் சொல்ல ஆரம்பித்தவள், அவர் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உள்ள வாங்க. வந்து சாப்பிடுங்க."

அவர் சாப்பிடவில்லை. வீட்டுக்கு வந்து, "அண்டா என்ன செய்யும்?" என்று மகளைக் கேட்டார். "அண்டா காலியா இருந்துச்சு. காலியா இருக்குன்னு சொன்னவர அடிச்சுட்டாங்க. ஆனதெல்லாம் அதனாலதான். இத யாராவது அவங்களுக்குச் சொல்லணும்."

இரண்டு நாளில் டீச்சரே வீட்டுக்கு வந்தார். வக்கீல் கோர்ட்டுக்குப் போயிருந்த நேரம். பழங்கள் வாங்கிவந்திருந்தார். பேச்சும் தேனாகத்தான் இருந்தது.

"ஐயா, அன்னைக்கு நான் அப்படிச் சிரிச்சிருக்கக் கூடாது. மன்னிச்சுக்குங்க. உங்க தங்கச்சி சாவுக்குச் சாப்பாட்டுக்கூடம் காரணம் இல்லேன்னு நீங்க டிவியில வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும். எத்தன ஏழைங்க வயிறு நிறையும்."

"கூடம் காரணம் இல்லம்மா" என்றார் பல்லய்யா ஆவலாக. "கணக்குதான் காரணம். பொய்க் கணக்கு. மேல இருக்கறவங்களுக்குப் பயந்து எழுதின கணக்கு. எங்கப்பாவ..."

"அதெல்லாம் வேணாங்க ஐயா" என்று டீச்சர் மெதுவாகத் தடுத்தார். "அது குழப்பிடும். மொத வரி மட்டும் போதும்."

அவர் போன பிறகு பல்லய்யா வெகுநேரம் பழப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் வக்கீல் வந்து விஷயத்தைக் கேட்டுக் குதித்தார். "அவங்க கூப்பிட்டா போவீங்களா? அப்ப நானும் வர்றேன். என் பக்கத்துல உக்காந்து, நடந்தத நடந்தபடி சொல்லுங்க மாமா. அந்தக் கூடத்துல சாப்பிட்டுத்தான் செத்தான்னு சொல்லுங்க. கணக்கு, களஞ்சியமெல்லாம் ஜனங்களுக்குப் புரியாது."

"அப்பா, யாரு கூப்பிட்டாலும் நீங்க ஏன் போகணும்?" என்றாள் மகள். "போகாதீங்கப்பா. நாலு நாளானா அடுத்த விஷயத்துக்கு ஓடிடுவாங்க."

"முழுசாச் சொன்னா புரிஞ்சுக்குவாங்கம்மா" என்றார் அவர். தன் வாழ்நாளில் கூட்டத்தின் முன்னால் பேசியே இராத அந்த மனிதர், இந்த ஒரு தடவை மட்டும் நம்பினார். கண்ணாடிக்கு முன்னால் நின்று, சொல்லவேண்டியதைச் சின்னக் குரலில் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

*

ஸ்டூடியோவில் குளிராக இருந்தது. ஒரு பெண் அவர் முகத்தில் பவுடர் ஒற்றினாள். சட்டையில் மைக் மாட்டினார்கள். இடப்பக்கம் வக்கீல், வலப்பக்கம் டீச்சர், எதிரே பெரிய திரையில் அந்த ஆய்வாளர். மகளைக் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் உட்காரவைத்தார்கள். விவாதம் பார்ப்பதற்கென்று அழைத்துவரப்பட்ட கூட்டம் இரண்டு கட்சிக்குமாகப் பிரிந்து உட்கார்ந்திருந்தது.

"ஐயா, அன்னைக்கு என்னதான் நடந்துச்சு?" என்று நெறியாளர் கேட்டார்.

பல்லய்யா நாற்காலி நுனிக்கு வந்தார். "வணக்கம். அண்டா காலியா இருந்துச்சுங்க..."

"கேட்டீங்களா, கேட்டீங்களா!" என்று வக்கீல் கையைத் தூக்கினார். "பொது அண்டா காலி. இத்தன நாளா நான் என்ன சொல்றேன்?"

"ஏன் காலி? வறட்சி. அத சொல்ல விடுங்க அவர" என்றார் டீச்சர்.

"வறட்சி இல்லீங்க, அந்த வருஷம் நல்லா வெளஞ்சுது" என்று பல்லய்யா ஆரம்பித்தார்.

"எந்த வருஷம்? எந்த மாகாணம்? சான்று இருக்கா?" என்று திரையில் இருந்தவர் இரைந்தார்.

"எங்கப்பா களஞ்சியத்துல..."

"தங்கச்சியப் பத்திச் சொல்லுங்க மாமா, தங்கச்சி!"

"ஐயா, மொத வரி... நாம பேசினோமே, அந்த மொத வரி..."

கூட்டத்தில் ஒரு பக்கம் கைதட்டியது. இன்னொரு பக்கம் கூச்சல் போட்டது. பெரியவர் ஒவ்வொரு குரலுக்கும் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததெல்லாம் எங்கோ போய்விட்டது. வாய் திறந்து திறந்து மூடியது. மகள் கண்ணாடியைத் தட்டினாள். உள்ளே யாருக்கும் கேட்கவில்லை.

நெறியாளர் மேஜையைத் தட்டினார். "எல்லாரும் அமைதி. ஐயா, சுத்தி வளைக்காம ஒரே கேள்வி. நாடே பாத்துட்டிருக்கு. உங்க தங்கச்சி சாவுக்குப் பொது உணவுக்கூடம் காரணமா? ஆமாவா, இல்லையா?"

"அது வந்துங்க..."

"ஆமாவா, இல்லையா?"

கூட்டம் அதைப் பிடித்துக்கொண்டது. ஆமாவா, இல்லையா. ஆமாவா, இல்லையா. கைதட்டிக்கொண்டே கேட்டார்கள். சிலர் சிரித்துக்கொண்டுகூடக் கேட்டார்கள். அவர்களுக்கு அது ஒரு விளையாட்டு.

பல்லய்யா எழுந்து நின்றார்.

உட்காருங்கள் என்று யாரோ சொன்னார்கள். அவர் உட்காரவில்லை. இரண்டு கைகளையும் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டார். முதுகை வளைத்தார். தலையைக் குனிந்தார், இடுப்பளவுக்குக் குனிந்தார். அவர் முகம் காமிராவுக்குத் தெரியவில்லை. நரைத்த உச்சந்தலை மட்டும் தெரிந்தது.

"தப்பு என்னோடது" என்றார். குரல் தெளிவாக இருந்தது. ஒரு தடங்கலும் இல்லை. "நான் பொய் சொல்லிட்டேன். எனக்குத் தங்கச்சியே கெடையாது. நாங்க நல்லாச் சாப்பிட்டோம்."

அரங்கத்தின் ஒரு பாதி எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. டீச்சர் மட்டும் கைதட்டவில்லை. அவர் பெரியவரின் வளைந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துவிட்டு, மைக்கைச் சரிசெய்துகொண்டு, "உண்மை வெளிய வந்துடுச்சு" என்றார். வக்கீலின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

நிகழ்ச்சி முடிந்து விளக்கை அணைக்கும் வரை பல்லய்யா நிமிரவில்லை. மகள்தான் போய்த் தோளைப் பிடித்து நிமிர்த்தினாள்.

கார் வீட்டுத்தெருவுக்குள் திரும்பும்போது வக்கீல் உடைந்தார். "என் தலையில மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே மாமா. நான் பொய்யன்னு ஆயிடுச்சே. ஏன் மாமா?"

பின்சீட்டிலிருந்து பெரியவர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். "பயப்படாதீங்க மாப்ள. விட்டுடுவாங்க. இனிமே நம்ம வீட்டுக்கு வரமாட்டாங்க" என்றார்.

*

கட்சி வக்கீலைக் கைகழுவியது. பொய்க்கதை கட்டியவர் என்று அவர்களே அறிக்கை விட்டார்கள். சிறுமியின் சுவரொட்டியைக் கிழிக்க யாருக்கும் நேரமில்லை. அதன் மேலேயே ஆளுங்கட்சி தன் சுவரொட்டியை ஒட்டியது. அதில் பல்லய்யாவின் குனிந்த தலை. 'பொய் அம்பலம்' என்று போட்டிருந்தது. பஞ்சம் என்ற ஒன்று நடக்கவே இல்லை என்பதற்கு ஒரு சீனரே சாட்சி என்று ஆய்வாளர் புதிய கட்டுரை எழுதினார்.

ஆளுங்கட்சிதான் ஜெயித்தது. ஜெயித்த கொஞ்ச காலத்தில் உணவுக்கூடங்களைச் சீரமைப்புக்காக மூடினார்கள். முதலில் பூட்டு மட்டும் தொங்கியது. பிறகு அண்டாக்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கரண்டியக்கா வேறு ஊருக்குப் பிழைக்கப் போவதாகச் சொல்லிக்கொள்ள வந்தாள். பல்லய்யா வெளியே வரவில்லை.

அதைப் பற்றியும் ஒரு விவாதம் நடந்தது. "சீனாவுலயே ஒரு கட்டத்துல பொதுக் கூடங்கள மூடினாங்க. தப்புன்னு தெரிஞ்சா மாத்திக்கற அந்தத் துணிச்சல் எங்க அரசுக்கும் இருக்கு" என்றார் டீச்சர். எதிர்வரிசையில் 'அரசியல் விமர்சகர்' என்ற புதுப் பெயர்ப்பலகையோடு வக்கீல் உட்கார்ந்திருந்தார். ஏழைகளின் சோற்றில் கைவைக்கிறீர்களே என்று பொங்கினார். அவரும் சீனாவிலிருந்துதான் உதாரணம் காட்டினார். முடிவெட்டும் கடையில் யாரும் சிரிக்கவில்லை. பாதிப்பேர் அதற்குள் வேறு சேனலுக்கு மாறியிருந்தார்கள்.

மகள் வக்கீலோடு அவசியத்துக்கு மட்டும் பேசினாள். அவர் ஆபீஸிலேயே படுத்துக்கொள்ள ஆரம்பித்தார். ஒருநாள் காலை வந்து, மாமனாரின் நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, "என்னை மன்னிச்சிடுங்க மாமா. உங்க ரகசியத்த நான் வித்துட்டேன்" என்றார். நெஞ்சிலிருந்துதான் சொன்னார்.

"என்ன ரகசியம் மாப்ள?" என்றார் பல்லய்யா கனிவாக. "ஒண்ணும் நடக்கலையே."

"உங்க தங்கச்சி..."

"யாருக்குத் தங்கச்சி? நான் ஒத்தப்பிள்ள மாப்ள."

வக்கீல் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். மன்னிப்புக் கேட்கக்கூட அவருக்கு இனி எதுவும் மிச்சமில்லை. அன்று போனவர் அதிகம் வருவதில்லை.

மகள் விடவில்லை. கிளினிக்கில் ஆள் இல்லாத ஒரு முன்மதியத்தில் பின்னறைக்கு வந்தாள். பல்லய்யா வேலையை நிறுத்திப் பல நாளாகிவிட்டது. இருந்தாலும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார், ஜன்னலைச் சாத்திக்கொண்டு. அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அப்பா, இங்க நம்ம ரெண்டு பேருதான் இருக்கோம். காமிரா இல்ல, யாரும் இல்ல. நான் எதுக்கும் கேக்கலப்பா. அத்தை பேர் என்னன்னு மட்டும் சொல்லுங்க. நான் மனசுல வெச்சுக்கறேன்."

அத்தை என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகத்தில் ஏதோ அசைந்தது. உதடு குவிந்தது. ஒரு பெயரின் முதல் ஒலி அங்கே திரண்டு வந்ததை அவள் பார்த்தாள். பல்லையும் நாக்கையும் உதட்டையும் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவள் அவள். அது அவளுக்குத் தப்பாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

அவர் உதட்டை மூடிக்கொண்டார்.

"எனக்குத் தங்கச்சி இல்லம்மா" என்றார். "இல்லேன்னு நான் எழுதிக் குடுத்திருக்கேனா? இல்லியே. வாயாலதானே சொன்னேன். வாயால சொன்னத வாங்கிக்க மாட்டாங்க, எழுதித்தான் கேப்பாங்க. கேட்டா எழுதிக் குடுத்துடறேன்னு சொல்லு."

"யாரும் கேக்க மாட்டாங்கப்பா. எல்லாம் முடிஞ்சுபோச்சு."

"வாசல்ல யாரோ நிக்கறாங்க பாரு."

"யாரும் இல்லப்பா."

"போய்ப் பாத்துட்டு வாம்மா."

அவள் எழுந்து போனாள். வாசலில் யாரும் இல்லை. எதிரே பூட்டிய கூடத்தின் படிக்கட்டில் சுமை தூக்குகிறவர்கள் இரண்டு பேர் வெயிலுக்கு ஒதுங்கி, ஆளுக்கொரு பன்னைத் தின்றுகொண்டிருந்தார்கள். திரும்பி வந்து சொன்னாள். அவர் நம்பவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து, சுவரோரமாகப் போய், கைகளைத் தொடையோடு ஒட்டிவைத்துக்கொண்டு நின்றார். தலை மெல்லக் குனிந்தது.

"தாழ்ப்பாள் போடும்மா" என்றார்.

பட்டப்பகல். கிளினிக் நேரம். பல்வலியோடு யாராவது வந்தால் திரும்பிப் போய்விடுவார்கள். அவள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்து, அவரை நிமிர்த்தி உட்காரவைக்கப் பார்த்தாள். அவர் உட்கார மறுத்தார். அவளும் அவர் பக்கத்தில் சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டாள்.